சொல்லின் கதை: பர்லாங்கு

பெரியகல்லாற்றிலிருந்து மாணவ நேயர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் வரைந்திருக்கிறார். அவருடைய பாட்டனார் தூரத்தைக் குறிப்பிடும்போதெல்லாம் 'இரண்டு பர்லாங்கு', 'மூன்று பர்லாங்கு' என்றே சொல்வாராம். அகராதியைப் புரட்டினால் 'மைலின் எட்டிலொரு பகுதி' என்று மாத்திரம் இருக்கிறதாம். "எட்டிலொரு பகுதியை ஓர் அளவாக வைத்ததற்குக் காரணம் யாது? அச்சொல்லின் பொருள்தான் என்ன? கிலோமீற்றர் வந்துவிட்ட பின்னர் அதனை நாங்கள் அறிந்திருக்க வேண்டுமா?" என்று மூன்று வினாக்களை அவர் அடுக்கியிருக்கிறார். மூன்றும் நல்ல வினாக்களே. முதலிரண்டுக்கும் விடை கண்டுவிட்டால் மூன்றாவதன் விடையும் தெளிவாகிவிடும்.

முதற்கண் அளவைத் தெரிந்து கொள்வோம். ஒரு பர்லாங்கு என்பது 220 யார். அடிக் கணக்கில் 660. எட்டுப் பர்லாங்கு சேர்ந்தால் 1,760 யார் கொண்ட ஒரு மைல். மீற்றர்க் கணக்கில் சொல்வதானால் ஒரு பர்லாங்கு 201.168 மீற்றர். மைலொன்றை இருபது நிமிடத்தில் நடப்பவர் பர்லாங்கு ஒன்றை இரண்டரை நிமிடத்தில் கடந்துவிடுவார்.

பாடசாலை விளையாட்டுப் போட்டியில் 200 மீற்றர் ஓடும் மாணவன், தான் அறியாமலே ஒரு பர்லாங்கை ஏறக்குறைய முழுவதும் ஓடிவிடுகிறான். எஞ்சுவது நான்கடிக்கும் சற்றுக் குறைவே. முன்னாளில் அந்த ஓட்டம் 220 யார் ஓட்டமாகவே நடைபெற்றது. 400 மீற்றர், 800 மீற்றர் ஓட்டங்களும் இரண்டு பர்லாங்கு, நான்கு பர்லாங்கு ஓட்டங்களின் வழிவந்தவையே. கிரிக்கெட் ஆடும் சிறுவரும் இதிற் சேர்ந்தவர்களே. இருபுறத்து விக்கெற்றுகளுக்கும் இடையே உள்ள தூரம் 22 யார் என்பதை அவர்கள் நன்கு அறிவர். அத்தகைய பத்துத் தூரங்களை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டிவைத்தால் அதுவே ஒரு பர்லாங்கு. இஃது எவ்வாறு பொருந்திற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

சொல்லின் பொருள்

பழைய ஆங்கிலத்தில் 'பூர்' என்றால் உழவுசால். 'லாங்' என்றால் நீளமானது. இரண்டும் கூடிப் 'பூர்லாங்' ஆகிப் பிற்காலத்தில் 'பர்லாங்' எனத் திரிந்தது. நாம் அதற்கு உகரம் சேர்த்துப் 'பர்லாங்கு' என வழங்கினோம். தமிழாக்கிச் சொன்னால் 'சால்நீளம்' என்பதே இச்சொல்லின் பொருள். ஏர் பூட்டிய எருதுகள் இளைப்பாறாது ஒரே மூச்சில் இழுத்துச் செல்லக்கூடிய சாலின் நீளமே ஒரு பர்லாங்கு என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் விளக்கம்.

இங்கிலாந்தின் பழைய வயல்களை மனக்கண்முன் கொண்டுவந்தால் இது நன்கு விளங்கும். அந்நாட்டின் களிமண் நிலத்தைக் கிழிப்பதற்குக் கனத்த கலப்பை வேண்டியிருந்தது. அதனை இழுக்க எட்டு எருதுகள் வரை பூட்டுவர். அத்துணை எருதுகளையும் கலப்பையையும் வயலின் கோடியில் திருப்பி மறுபடியும் சாலில் நிறுத்துவது பெரும்பாடு. எனவே திருப்பங்களைக் குறைக்கும் பொருட்டு வயல்களை அகலம் சுருக்கி நீளம் பெருக்கி நாடாப் போல வகுத்தனர். எருதுகள் கோடிவரை போய்ச் சேரும், அங்கே சற்று மூச்சு வாங்கும், பின்னர்த் திரும்பும். அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் இடைப்பட்ட தூரமே நாளடைவில் அளவாயிற்று.

'ஏக்கர்' என்ற சொல்லின் கதையும் இத்துடன் பிணைந்ததே. அச்சொல்லுக்குத் தொடக்கத்தில் வயல் என்பதே பொருள். இலத்தீனில் 'ஆகர்', வடமொழியில் 'அஜ்ர' என்பன இதன் உறவுச் சொற்கள். பின்னர் ஓரேர் ஒரு நாளில் உழுது முடிக்கும் நிலம் என்ற பொருளை அது பெற்றது. அந்நிலத்தின் நீளம் ஒரு பர்லாங்கு. அகலம் நான்கு கோல். அந்தக் கோல் பதினாறரை அடி நீளமுடையது. எருதுகளை ஓட்டும் தாற்றுக்கோலிலிருந்தே அவ்வளவு பிறந்தது என்பர்.

உழவுசாலுக்கு நம் நேயர்கள் புதியவர்கள் அல்லர். சனக மன்னன் ஏர் நடத்தியபோது சாலிலே கண்டெடுத்த குழந்தைக்குச் சீதை எனப் பெயர் வந்ததை அறியாதார் யார்? வடமொழியில் 'சீதா' என்பதற்கு உழவுசால் என்பதே பொருள். நம்மவர் சாலுக்குத் தெய்வப் பெண்ணின் கதையைத் தந்தனர். ஆங்கிலேயர் அதனைத் தூரத்துக்கு அளவுகோலாக்கினர்.

உழவையே உயிராகக் கொண்ட மட்டக்களப்பில் சால்நீளம் ஓர் அளவாகாமற் போனதற்குக் காரணத்தை வயலிலேயே காணலாம். கல்லாற்றிலிருந்து வாவியைக் கடந்து மேற்கே சென்றால் படுவான்கரை வயல்வெளிகள் விரிந்து கிடக்கின்றன. நெல்லுக்கு நீர் நிற்க வேண்டும்; நீர் நிற்க நிலம் மட்டமாக இருக்க வேண்டும்; அதற்கு வரம்பு கட்டி வயலைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். இரண்டு மாடுகள் இழுக்கும் இலேசான மரக்கலப்பையை வரம்பருகே திருப்புவதும் எளிது. ஆதலால் சாலின் நீளத்தை நம் உழவர் பொருட்படுத்தவில்லை. எவ்வளவு விதை நெல் கொள்ளும் நிலம் என்பதையே கருதி, அவணக் கணக்கிலும் மரைக்கால் கணக்கிலும் வயலின் பரப்பைக் கூறினர். ஆங்கிலேய உழவன் எருதின் மூச்சைக் கொண்டு அளந்தான். நம் உழவன் விதையைக் கொண்டு அளந்தான். இருவரும் தத்தம் நிலத்துக்கேற்ற அளவையே கண்டனர்.

எட்டிலொரு பகுதி ஏன்?

மைல் என்பது உரோமர் தந்த அளவு. அவர்தம் படைவீரர் இரண்டு எட்டு எடுத்து வைத்தால் அதனை ஒரு 'பாசுஸ்' என்பர். அஃது ஐந்து உரோம அடி. அவ்வாறான ஆயிரம் சேர்ந்தது ஒரு மைல். 'மில்லே' என்பதற்கு ஆயிரம் என்று பொருள். ஆகவே உரோம மைலுக்கு 5,000 அடி. கிரேக்கரிடமோ ஓட்டப் பந்தயக் களத்தின் நீளமாகிய 'ஸ்தாதியோன்' என்றோர் அளவு இருந்தது. எட்டு ஸ்தாதியோன் ஓர் உரோம மைல் என்று கணக்கிட்டனர். இந்நாளில் நாம் விளையாட்டரங்கைக் குறிக்கும் 'ஸ்டேடியம்' என்ற சொல் அந்த அளவின் பெயரேயாகும்.

கிரேக்க நூல்களையும் இலத்தீன் நூல்களையும் ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் ஸ்தாதியோனுக்கு நேரான சொல்லைத் தேடியபோது, ஏறத்தாழ அதே நீளமுடைய பர்லாங்கு அவர்களுக்குக் கைகொடுத்தது. 1611ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில், எருசலேமுக்கும் எம்மாவு என்ற ஊருக்கும் இடைப்பட்ட தூரம் அறுபது பர்லாங்கு என்று வந்திருப்பது இதனாலேயே. மைலுக்கு எட்டு என்ற கணக்கும் இவ்வாறு பர்லாங்கைப் பற்றிக்கொண்டது.

ஆயின் இங்கே ஓர் இடர்ப்பாடு எழுந்தது. பர்லாங்குக்கு அடி 660. எட்டுப் பர்லாங்குக்கு 5,280. மைலுக்கோ 5,000 அடிதான். ஒன்றைக் குறைக்க வேண்டும், அன்றேல் மற்றொன்றைக் கூட்ட வேண்டும். பர்லாங்கை 625 அடியாகக் குறைத்தால் கணக்கு நேராகிவிடும். ஆனால் பர்லாங்கு குறைந்தால் ஏக்கரும் குறையும். ஏக்கர் குறைந்தால் குத்தகையும் வரியும் எல்லைகளும் நாடெங்கும் குழம்பும். வழிப்போக்கனின் மைலைக் கூட்டுவதால் எவருடைய வயலுக்கும் கேடில்லை. எனவே 1593ஆம் ஆண்டில் முதலாம் எலிசபெத்து அரசியின் காலத்துச் சட்டமொன்று மைலை 5,280 அடியாக்கிற்று. ஒரு மைலுக்கு எட்டுப் பர்லாங்கு, ஒரு பர்லாங்குக்கு நாற்பது கோல், ஒரு கோலுக்குப் பதினாறரை அடி என்று அச்சட்டம் அறுதியிட்டுரைத்தது. உலகையாண்ட உரோமரின் அளவு உழவனின் சாலுக்கு வளைந்து கொடுத்தது.

அந்தச் சட்டம் எழுந்த நோக்கத்தையும் நேயர்கள் அறிந்துகொள்ள வேண்டும். இலண்டன் மாநகரில் மக்கள் நெருக்கம் மிகுந்துவிட்டது கண்டு, நகர வாயில்களிலிருந்து மூன்று மைல் தூரத்துக்குள் புதிய வீடுகள் கட்டலாகாது என்று விதிப்பதே அதன் நோக்கம். மூன்று மைல் என்றால் எவ்வளவு என்று கேள்வி எழுமன்றோ? ஆகையால் மைலுக்கு விளக்கம் கூற வேண்டியதாயிற்று. ஒருவர் தம் நிலத்தில் வீடு கட்டலாமா, கூடாதா என்ற கேள்வி எழுந்தபோதுதான் தூரத்துக்குத் திட்டவட்டமான பொருள் தேவைப்பட்டது.

சங்கிலியும் கிரிக்கெட்டும்

1620ஆம் ஆண்டளவில் எட்மண்ட் கண்டர் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் நிலம் அளப்பதற்கு ஒரு சங்கிலியை வகுத்தார். அதற்குக் கண்ணிகள் நூறு. நீளம் 66 அடி, அதாவது 22 யார். நான்கு கோல் சேர்ந்தது ஒரு சங்கிலி. பத்துச் சங்கிலி ஒரு பர்லாங்கு. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். நாற்பதும் பதினாறரையுமாக இடர் செய்த பழைய அளவுகளை அவர் பத்தின் மடங்குகளாக மாற்றிக் கணக்கை எளிதாக்கினார். கிரிக்கெட் ஆட்டத்துக்கு 1744இல் விதிகள் வகுத்தபோது விக்கெற்றுகளின் இடைத்தூரமாக 22 யார், அதாவது ஒரு சங்கிலி, குறிக்கப்பட்டது. கல்லாற்று மணலில் ஓலை மட்டையைத் துடுப்பாக்கி ஆடும் சிறுவனும் ஒரு பர்லாங்கின் பத்திலொரு பகுதியிலேயே ஓடி ஓட்டம் எடுக்கிறான்.

நம்மவர் கண்ட தூரம்

தூரத்தை வாழ்வைக் கொண்டு அளக்கும் வழக்கம் ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதன்று. விரல், சாண், முழம் என்பன நம் உடலிற் பிறந்தவை. பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம், நான்கு முழம் ஒரு கோல், ஐந்நூறு கோல் ஒரு கூப்பீடு, நான்கு கூப்பீடு ஒரு காதம் என்பது தமிழரின் பழைய வாய்பாடுகளுள் ஒன்று. முழத்தை ஒன்றரை அடியாகக் கொண்டால் கூப்பீடு 3,000 அடி, அதாவது நாலரைப் பர்லாங்கு ஆகிறது. காதம் இரண்டேகால் மைல். வேறு சில கணக்குகளில் காதம் இதனினும் மிக நெடியது.

கூப்பீடு என்பது ஒருவர் கூப்பிட்டால் மற்றவர்க்குக் கேட்கும் தூரம். 'கூப்பிடு தூரம்' என்று இன்றும் சொல்கிறோம். சிங்கள மக்களும் 'ஹூ' என்று கூவினால் கேட்கும் தொலைவை ஓர் அளவாகக் கொண்டிருந்தனர். 'நாழிகை வழி' என்பது இருபத்து நான்கு நிமிடம் கொண்ட ஒரு நாழிகையில் நடந்து கடக்கும் தூரம். வழி எவ்வளவு என்று கேட்டால் பொழுதைச் சொல்லி விடையிறுத்த காலம் அது.

வாவியிலும் கடலிலும் தொழில் செய்வோர் ஆழத்தைப் 'பாகம்' என்ற அளவாற் கூறுவர். இரு கைகளையும் விரித்து நீட்டினால் ஒரு கைந்நுனியிலிருந்து மறு கைந்நுனி வரையுள்ள நீளமே பாகம். கயிற்றைக் கடலில் விட்டு, கைகளை விரித்து விரித்து எண்ணினால் ஆழம் தெரிந்துவிடும். ஆங்கில மாலுமிகளின் 'பாதம்' என்னும் ஆறடி அளவும் இதுவே. பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு விரித்த கைகள், தழுவுதல் என்று பொருள். கடலோடி எந்த நாட்டவனாயினும் அவனிடம் உள்ள முதற்கோல் அவனுடைய இரு கைகளே.

ஆங்கிலேயர் தெருவோரத்தில் மைலுக்கு ஒன்றாகக் கட்டைகளை நாட்டியபோது, நம்மவர் மைலையே 'கட்டை' என்றழைக்கத் தலைப்பட்டனர். 'அவ்வூர் நாலு கட்டை இருக்கும்' என்று முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தம்பலகாமத்தில் 96ஆம் கட்டை என்று ஓரிடமே உண்டு. தெருக்களில் கிலோமீற்றர்க் கற்கள் வந்துவிட்டன. ஆயினும் பெயரில் நின்ற கட்டையை எவராலும் பிடுங்க முடியவில்லை.

உறுதியில் மறைந்திருக்கும் பர்லாங்கு

இனி மூன்றாவது வினாவுக்கு வருவோம். பிரித்தானியாவில் 1985ஆம் ஆண்டின் நிறுத்தல் அளத்தல் சட்டத்தோடு பர்லாங்கு வாணிப அளவுகளினின்றும் நீங்கிற்று. குதிரைப் பந்தயத்தில் மாத்திரம் அஃது இன்றும் ஆட்சி செய்கிறது. மியன்மாரில் யங்கூனுக்கும் மண்டலேக்கும் இடையே செல்லும் நெடுஞ்சாலையின் கற்களில் மைலோடு பர்லாங்கும் பொறிக்கப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் அச்சொல் பெரியோர் நாவில் மட்டுமே எஞ்சியிருப்பதாகத் தோன்றும். ஆனால் அது வீட்டுப் பெட்டகத்துக்குள்ளும் இருக்கிறது.

காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். ஏக்கர், றூட், பேர்ச் என்ற மூன்று சொற்கள் அதிற் காணப்படும். 'பேர்ச்' என்பது நாம் மேலே கண்ட பதினாறரை அடிக் கோல். அக்கோல் நீளமும் அக்கோல் அகலமும் உடைய நிலமே ஒரு பேர்ச். 272¼ சதுர அடி. நாற்பது பேர்ச் ஒரு றூட். நாற்பது கோல் ஒரு பர்லாங்கு என்பதை நினைவிற் கொண்டால், றூட் என்பது ஒரு பர்லாங்கு நீளமும் ஒரு கோல் அகலமும் கொண்ட நிலம் என்பது விளங்கும். அத்தகைய நான்கு பட்டிகளை அருகருகே வைத்தால் ஓர் ஏக்கர், 160 பேர்ச். 1800ஆம் ஆண்டு இலங்கையில் நில அளவைத் திணைக்களம் நிறுவப்பட்ட பின்னர் ஆங்கிலேயரின் இவ்வளவுகள் நம் காணிகளின்மீது படிந்தன. இன்றும் வீட்டு வளவு விற்போரும் வாங்குவோரும் பேர்ச்சிலேயே விலை பேசுகின்றனர். முன்னொரு காலத்து எருதின் மூச்சு நம்முடைய வேலியின் எல்லையைத் தீர்மானித்துக் கொண்டிருக்கிறது.

இதனை வெறும் சொல்லாராய்ச்சி என்று நினைத்துவிடலாகாது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கியெழுந்து கிழக்குக் கரையை அழித்தபோது, வீடுகளோடு வேலிகளும் எல்லைக் கற்களும் போயின. பல குடும்பங்களின் உறுதிகளும் போயின. மறுபடியும் குடியேற வந்தவர்கள், தம்முடைய வளவு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று மணலில் நின்று தேட நேர்ந்தது. பத்துப் பேர்ச் என்றால் எத்தனை அடிக்கு எத்தனை அடி என்று சொல்லத் தெரிந்த முதியவர் அந்நாளில் குடும்பத்துக்குப் பெருந்துணையானவர்.

அதன்மேல் 2005இல் அரசாங்கம் கடற்கரையோரத்தில் ஒரு தடை வலயத்தை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் வீடுகளை மீளக் கட்டலாகாது என்பது அந்த அறிவிப்பு. 200 மீற்றர் என்பது ஏறக்குறைய ஒரு பர்லாங்கு. அகன்ற நிலப்பரப்புடைய ஊருக்கு ஒரு பர்லாங்கு பெரிதன்று. கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக நடுவே ஒடுங்கிக் கிடக்கும் பெரியகல்லாறு போன்ற ஊருக்கோ அஃது ஊரின் பெரும் பங்கு. கடலை நம்பிப் பிழைக்கும் மீனவருக்கு அது தோணிக்கும் வீட்டுக்கும் இடையே விழுந்த பிரிவு. பின்னர் அத்தடை தளர்த்தப்பட்டு, இடத்துக்கிடம் வேறுபடும் குறுகிய எல்லைகள் வகுக்கப்பட்டன. ஆயினும் அந்த மாதங்களில், எங்கிருந்து அளப்பது, எதுவரை அளப்பது என்ற கேள்வியிலே எத்தனையோ குடும்பங்களின் வாழ்வு தொங்கி நின்றது. 1593இல் இலண்டன் வாயிலில் எழுந்த அதே கேள்வி, நானூறு ஆண்டுகளின் பின் கிழக்கிலங்கையின் மணலில் மறுபடியும் எழுந்தது.

எனவே கல்லாற்று மாணவருக்கு நம் விடை இதுதான். கிலோமீற்றரையும் மீற்றரையும் செவ்வனே கற்றுக்கொள்ளுங்கள். உலகம் அவற்றாலேயே இன்று கணக்குப் பார்க்கிறது. பழைய அளவுகளையும் உடன் அறிந்து வைத்திருங்கள். உங்கள் முன்னோரின் உடைமை அவற்றாலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஓர் அளவு வழக்கொழிந்தால் அதிலே எழுதிய பத்திரமும் படிக்கத் தெரியாத பத்திரமாகிவிடும். படிக்கத் தெரியாத பத்திரத்தை வைத்திருப்பவரை ஏமாற்றுவது எளிது.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விடுமுறை நாளொன்றில் காணி உறுதியைப் பிள்ளைகளுடன் அமர்ந்து வாசியுங்கள். அதிலுள்ள றூட்டையும் பேர்ச்சையும் அடியாகவும் மீற்றராகவும் மாற்றும்படி பிள்ளைகளிடம் கொடுங்கள். அது முடிந்ததும் வளவில் இறங்கி ஒரு நாடாவைப் பிடித்து அளந்து பாருங்கள். கூப்பிடு தூரம், பாகம், அவணம், கட்டை முதலிய சொற்களை வீட்டு முதியோரிடம் கேட்டு ஓர் அப்பியாசக் கொப்பியில் குறித்து வையுங்கள். உங்கள் பகுதியில் மாத்திரம் வழங்கும் அளவுச் சொற்கள் இருப்பின் நமக்கும் எழுதியனுப்புங்கள். தக்கவற்றை இப்பகுதியில் வெளியிடுவோம்.

அடுத்த வாரம், நம் கடைகளில் பாண் வாங்கும்போது இன்றும் வாயில் வரும் 'றாத்தல்' என்ற சொல் அரபு நாட்டிலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்த கதையை ஆராய்வோம்.